‘உங்களுக்கு இங்க ஓட்டு இல்ல’: ஒரு குரல் பதிவை எடை போடுதல்

பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வருகிறது. பேசுபவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரி. பதிவு முப்பது வினாடிகூட இல்லை.

“பெங்களூர்ல வேலை செய்யறவங்க எல்லாரும் கேட்டுக்கங்க. ஆறு மாசத்துக்கு மேல வெளியூர்ல இருந்தா சட்டப்படி இங்க ஓட்டு கிடையாதுங்க. தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் போலி ஓட்டைத் தூக்கிட்டாங்க, அதுல உங்க பேரும் போயிருக்கும். மீறி வந்து போட்டீங்கன்னா ஒரு வருஷம் ஜெயிலு. ரெண்டு நாள் கூலிய விட்டுட்டு எதுக்குப்பா இந்த வீண் அலைச்சல்?”

இது மாதிரிக்காகக் கோத்தது. இந்த வார்த்தைகளை இந்த வரிசையில் பேசிய தனி ஆள் யாரும் இல்லை. ஆனால் நான்கு வாக்கியங்களில் ஒன்றையாவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் டீக்கடையில் கேட்காதவர் குறைவு. வரைவு வாக்காளர் பட்டியல் வெளியாகி, பெயர் சேர்க்க இன்னும் நாள் இருக்கும்போது இது சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். எந்த நாளில் சுற்றுகிறது என்பது ஏன் முக்கியம் என்பது பின்னால் புரியும்.

பொது அறிக்கையை எடை போடும்போது ‘உண்மையா, பொய்யா’ என்று கேட்டு முடித்துக்கொள்வது வழக்கம். வாக்குரிமை விஷயத்தில் அது போதாது. ‘நாளைக்கு மழை’ என்று ஒருவர் பொய் சொன்னால் அதைக் கேட்டு மழை வந்துவிடாது. ‘உங்க பேரு லிஸ்ட்ல இருக்காது’ என்று சொன்னால் நிஜமாகவே இல்லாமல் போகலாம். நம்பியவர் பட்டியலைப் பார்க்க மாட்டார். பார்க்காதவர் படிவம் கொடுக்க மாட்டார். அவர் பெயருக்கு யாராவது, பெயரை நீக்கக் கேட்கும் படிவம் 7-இல் ஆட்சேபணை கொடுத்து, விளக்கம் கேட்டு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால், ‘அவருக்குத்தான் இங்க ஓட்டு இல்லையாமே’ என்று வீட்டில் இருப்பவர்கள் அதை மடித்து உத்திரத்தில் செருகிவிடுவார்கள். தேதி கடந்த பிறகு பட்டியலைத் திறந்தால் மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். சொன்னவரே பலிக்கவைக்கும் பொய் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகப் போகலாம்.

ஆறு மாசக் கணக்கு

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 19, வாக்காளராகப் பதிய இரண்டு தகுதிகளைக் கேட்கிறது: தகுதி நாளில், அதாவது வயதைக் கணக்கிட வைத்த நாளில், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் சாதாரணமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ‘சாதாரணமாகக் குடியிருப்பது’ என்றால் என்ன என்று பிரிவு 20 விளக்குகிறது. அதில் ஆறு மாதம் என்ற கணக்கே கிடையாது. அங்கே இருப்பவை இரண்டு விஷயங்கள். ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போயிருக்கிறார் என்பதால் குடியிருப்பை இழக்கவும் மாட்டார்.

நம் பக்கத்துக்கு இந்த இரண்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதல் ஆளின் மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கொல்லைமேட்டில் போட்ட துவரை எல்லாம் இங்கேதான். வேலை நடக்கும் கட்டடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்குகிறார். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம். வருடத்தில் எட்டு மாதம் அங்கே இருந்தாலும் அவர் ‘தற்காலிகமாகப் போனவர்’ என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. அவருக்கு ஓட்டு இங்கே.

இரண்டாவது ஆள் பத்து வருடம் முன்பே குடும்பத்தோடு போய்விட்டார். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே. ஊரில் இருப்பது பூட்டிய வீடும் மாரியம்மன் திருவிழாவும். அவர் பெயர் இருக்க வேண்டிய இடம் கர்நாடகப் பட்டியல். இடம் மாறியதற்கான படிவம் 8 கொடுத்து அங்கே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளப் பிரிவு 17 இடம் தராது.

ஆக, ‘பெங்களூரில் இருக்கும் எல்லாருக்கும் இங்கே ஓட்டு இல்லை’ என்பது முதல் ஆளுக்குப் பொய், இரண்டாவது ஆளுக்குக் கிட்டத்தட்ட உண்மை. கேட்பவர்களில் பெரும்பாலோர் முதல் ஆளைப் போன்றவர்கள் என்பது மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும். ஆள் கூட்டிப் போவதே அவர்தான். தெரிந்தே ‘எல்லாரும்’ என்று சேர்த்துச் சொன்னதுதான் இங்கே தவறு.

எதிர்த்தரப்பையும் இதே தராசில் வைக்க வேண்டும். ‘எங்க இருந்தாலும் சொந்த ஊர்ல ஓட்டு உங்க பிறப்புரிமை, யாரும் புடுங்க முடியாது’ என்று மேடையில் பேசுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், சட்டத்தில் இல்லை. 1952-இல் நாமக்கல் தொகுதித் தேர்தல் அதிகாரிக்கு எதிராக என்.பி.பொன்னுசாமி தொடுத்த வழக்கிலேயே, வாக்களிப்பதும் வேட்பாளராக நிற்பதும் சட்டம் தந்த உரிமை, சட்டம் வைத்த வரம்புக்குள்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேடைப் பேச்சை நம்பி இரண்டாவது ஆள் இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருந்தால் மாட்டப்போவது அவர்தான், பேசியவர் அல்ல. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் ஏப்ரல் 19, பெங்களூரில் ஏப்ரல் 26. ‘ஒரு வாரம் இடைவெளி இருக்கே, ரெண்டுலயும் போடலாம்’ என்ற பேச்சுக்கு இதைவிட வசதியான தேதிகள் அமையாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 62 அப்படிப் போட்ட இரண்டு ஓட்டையும் செல்லாதாக்குகிறது.

97 லட்சம்

தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4-இல் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில், முன்பு இருந்த சுமார் 6.41 கோடி பெயர்கள் 5.43 கோடியாகக் குறைந்திருந்தன. வித்தியாசம் 97 லட்சத்துக்கு மேல். மேஸ்திரி சொன்ன எண் சரி. எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிய ‘போலி’ என்ற சொல்தான் கோளாறு.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம். இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் 66 லட்சத்துக்கு மேல். இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்கு மேல். இறந்த பாட்டியின் பெயர் பட்டியலில் கிடந்தது என்பதால் அது போலி ஓட்டு ஆகாது. அவர் பெயரில் இன்னொருவர் வந்து போட்டால்தான் போலி. முகவரியில் இல்லாதவர் என்ற வகையிலோ, வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வந்த நேரம் வீடு பூட்டியிருந்த குடும்பமும் அடங்கக்கூடும். நம் மேஸ்திரி கூட்டிப் போன ஆட்கள் சிக்கக்கூடிய வகையும் அதுதான்.

இதே எண்ணை மறுபக்கம் ‘97 லட்சம் பேரின் ஓட்டுரிமை பறிப்பு’ என்று போஸ்டர் அடிக்கலாம். இறந்துபோன 27 லட்சம் பேரிடமிருந்து எதைப் பறிப்பது? வரைவில் இல்லை என்பது முடிவாக நீக்கம் என்றும் ஆகாது. படிவம் 6-ஐ உறுதிமொழியோடு கொடுத்துச் சேரும் வழி அப்போது திறந்தே இருந்தது. போஸ்டரும் குரல் பதிவும் எதிரெதிர்க் கட்சிக்கு உழைத்தாலும் கேட்பவரைத் தள்ளிவிடும் இடம் ஒன்றுதான்: ‘இனி ஒண்ணும் செய்ய முடியாது’. வழி திறந்திருக்கும் நேரத்தில் வழி இருப்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதை நாங்கள் பொய்க்குச் சமமாகவே வைக்கிறோம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. அரசியல் பேச்சில் எல்லா விவரமும் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். எல்லா விவரமும் வேண்டாம். ‘லிஸ்ட்டைப் பாருங்க, இல்லன்னா படிவம் 6 கொடுங்க’ என்பது நான்கு வினாடி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒருவரை நோட்டீஸ் தராமல், அவர் தரப்பைக் கேட்காமல் நீக்கக் கூடாது என்பது 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘தூக்கிட்டாங்க’ என்ற சொல், நடுவில் இருக்கும் இந்த விசாரணைக் கட்டத்தையே மறைத்துவிடுகிறது.

ஒரு வருஷம் ஜெயிலு

நான்கில் மிக மோசமானது இதுதான். காரணம், பாதி உண்மையிலிருந்து செய்தது. ஒரு வருடச் சிறை என்பது சட்டத்தில் இருக்கிறது: 1950-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 31, வாக்காளர் பட்டியல் விஷயத்தில் பொய் என்று தெரிந்தே உறுதிமொழி கொடுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். படிவம் நிரப்பும்போது ‘மேலே உள்ளவை உண்மை’ என்று கையெழுத்துப் போடும் இடத்துக்கு அது பொருந்தும். பட்டியலில் தன் பெயர் இருந்து, தன் அடையாளத்தைக் காட்டி, ஒரே ஒரு ஓட்டுப் போடுபவரை இந்தப் பிரிவு தொடாது. தண்டனையின் அளவு சரி, குற்றம் வேறு. கேட்பவர் சரிபார்க்கப் போனாலும் ‘ஒரு வருஷம்’ என்பது அச்சில் கண்ணில் படும், பயம் உறுதியாகும்.

மேஸ்திரி மீது சட்டம் பாயுமா? இங்கே பலர் தடுமாறுகிறார்கள். தேர்தல் பொய்களுக்குத் தண்டனை என்று பலர் நினைக்கும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 175, வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிய பொய்க்கு மட்டும்தான். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123(4)-உம் அப்படியே. ‘உனக்கு ஓட்டு இல்லை’ என்று வாக்காளரிடம் சொல்லும் பொய்யைப் பெயர் சொல்லிப் பிடிக்கும் பிரிவு சன்ஹிதாவின் தேர்தல் குற்றங்கள் அத்தியாயத்தில் இல்லை. சுற்றிவளைத்து அதே சன்ஹிதாவின் பிரிவு 171-க்கு வர வேண்டும்: வாக்குரிமையைச் சுதந்திரமாகப் பயன்படுத்துவதில் வேண்டுமென்றே தலையிடுவது, தலையிட முயல்வது. வாக்காளருக்கு ஏதேனும் கேடு செய்வதாக மிரட்டுவதையும் அது தலையீடாகவே கொள்ளும். நிரூபணமானால் பிரிவு 174-இன்படி ஓராண்டு வரை சிறை. அந்த ‘ஒரு வருஷம்’ கடைசியில் சொன்னவர் பக்கமே வந்து நிற்கிறது. ஆனால் ‘எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்’ என்று மேஸ்திரி சொன்னால், தெரிந்தே செய்தார் என்று காட்டும் சுமை குற்றம்சாட்டுபவர் மேல். பெரும்பாலான புகார்கள் அங்கேதான் நொண்டும். சட்டம் கைவிடும் அந்த இடத்தில் நெறிமுறைக் கேள்விக்கு வேலை இருக்கிறது.

ரெண்டு நாள் கூலி

கடைசி வாக்கியத்தில் தகவலே இல்லை, வெறும் கேள்வி. சரிபார்க்க எதுவும் இல்லாததால் உண்மை சரிபார்ப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்கள் கணக்கில் முழுப் பதிவின் எடையும் இதில்தான் இருக்கிறது. ஏனென்றால் சொல்பவர் யார் என்று பாருங்கள். அவரிடம் பாதிப் பேர் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அடுத்த கட்டடத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை முடிவு செய்பவர் அவர். பக்கத்து வீட்டு அண்ணன் இதே கேள்வியைக் கேட்டால் அது அரட்டை. மேஸ்திரி கேட்டால் ‘போனா அடுத்த வாரம் வேலை இல்லை’ என்று காதில் விழும். அவர் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது அவருக்குச் சாதகமாகாது. சொல்லாமலே புரிய வைக்கும் இடத்தில் இருப்பவருக்குப் பொறுப்பு கூடும்.

வாக்குப்பதிவு நாளில் கூலியோடு விடுப்பு உண்டு என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 135பி சொல்கிறது. தினக்கூலிக்காரர்களும் இதில் அடக்கம். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. இந்தத் தொகை மேஸ்திரிக்கு ஒரு நாள் டீச் செலவு. உரிமை ஏட்டில் இருப்பதும் அதைக் கேட்டு வாங்கும் தெம்பு கூலிக்காரருக்கு இருப்பதும் வேறு வேறு என்பதைச் சேர்த்தே எடை போட வேண்டும்.

நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்கள்

மேஸ்திரிக்கு உள்நோக்கம் இருக்கலாம். உள்நோக்கமே இல்லாத அறிக்கைகளும் இதே சேதத்தைச் செய்கின்றன. ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வரும் ஒரு செய்தி: ‘லிஸ்ட்ல பேர் இல்லன்னா ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு கேளுங்க. உங்க ஓட்டை யாராவது போட்டிருந்தா டெண்டர் ஓட்டு கேளுங்க. டெண்டர் ஓட்டு 14 சதவீதம் தாண்டுனா மறு தேர்தல்.’ மூன்றில் நடுவில் உள்ளது மட்டும் சரி. சேலஞ்ச் என்பது வாக்குச்சாவடி முகவர் இரண்டு ரூபாய் கட்டி ‘இந்த ஆள் அந்த ஆள் இல்லை’ என்று வாக்காளரை மறுப்பது; வாக்காளர் கேட்டு வாங்குவது அல்ல. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டு இல்லை. 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை. டெண்டர் ஓட்டு விதி 49P-இன்படி காகிதச் சீட்டில் போடுவது; தனி உறையில் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. இதை நம்பி வருபவர் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, மேசை முன் சண்டை போட்டு, ‘ஏமாத்திட்டாங்க’ என்று போகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் பின்னால் உள்ளவர்களுக்கும் நம்பிக்கை குறைகிறது.

‘வாக்காளர் அட்டை இல்லாம ஓட்டுப் போட முடியாது’ என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் இந்த வகைதான். ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் உள்ள வங்கி பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை என்று மாற்று ஆவணங்கள் ஏற்கப்படுகின்றன. அதே சமயம் ‘பூத் சிலிப் போதும்’ என்பதும் தவறு. 2019 முதல் சிலிப்பை மட்டும் வைத்து ஓட்டுப் போட முடியாது.

இவர்களை மேஸ்திரியோடு ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. சொன்ன தவறு தெரிந்ததும் திருத்துகிறார்களா என்பதில்தான் இவர்களின் நாணயம் தெரியும்.

ஊர்க்கட்டுப்பாடு

இதோடு ஒட்டிய ஒன்று. சாலை போடவில்லை என்று ‘தேர்தல் புறக்கணிப்பு’ பேனரும் கறுப்புக் கொடியும் கட்டும் ஊர்கள் இந்தப் பக்கம் புதிதல்ல. கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன மாவட்டம் இது. சாலை கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஓட்டுப் போடாமல் இருப்பதும் ஒருவரின் சுதந்திரம். 2013-இல் நோட்டாவைக் கொண்டுவந்த தீர்ப்பு, சாவடிக்கு வந்தும் யாருக்கும் போடாதவரின் ரகசியத்தையும் காத்தது. எனவே பேனரில் ‘நாங்கள் புறக்கணிக்கிறோம்’ என்று இருந்தால் அது கருத்து. ‘மீறினால் ஊரைவிட்டுத் தள்ளிவைப்போம், தண்டம் போடுவோம்’ என்று கோயில் முன் சொன்னால் பிரிவு 171. நடுவில் ஒரு சாம்பல் நிறம் உண்டு: ‘ஊர் ஒண்ணா முடிவு எடுத்திருக்கு’. யாரையும் மிரட்டவில்லை, ஆனால் காலையில் சாவடிக்குப் போகும் ஒற்றை வீடு எல்லார் கண்ணிலும் படும். அந்த வாக்கியத்தில் ‘போக விரும்புறவங்க போகலாம்’ என்று சேர்க்கச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் சேர்க்கிறார்களா என்பதே நல்ல சோதனை.

திருத்தம்

குரல் பதிவுக்குப் பதிலாக ஆட்சியர் அலுவலகத்திலிருந்து இரண்டு பக்கப் பத்திரிகைச் செய்தி வெளியிட்டால் அது அந்தக் குழுவுக்கு வந்து சேராது. வந்தாலும் படிக்கப்படாது. கேட்ட காது வழியாகவே திருத்தமும் போக வேண்டும்: அதே குழு, அதே நீளம், முடிந்தால் அதே குரல். மேஸ்திரியே பேச ஒப்புக்கொண்டால் தண்டனையைவிட அது பயனுள்ளது. பொய்யை முதலில் திரும்பச் சொல்லி அப்புறம் மறுப்பதும் தவறு. அரைகுறையாகக் கேட்பவர் முதல் பாதியை மட்டும் கொண்டுபோவார். இப்படி இருக்கலாம்:

“வீடும் குடும்பமும் ஊர்ல இருந்து வேலைக்கு மட்டும் பெங்களூர் போறவங்களுக்கு இங்கதாங்க ஓட்டு. 1950-க்கு போன் போட்டு, இல்லன்னா நம்ம பி.எல்.ஓ. கிட்ட லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா படிவம் 6 கொடுங்க. குடும்பத்தோட அங்கயே குடி போயிட்டவங்க படிவம் 8 கொடுத்து அங்க மாத்திக்கங்க. லிஸ்ட்ல பேர் இருந்து ஒரு ஓட்டுப் போட்டா யாரும் கேஸ் போட முடியாது. ஓட்டு அன்னைக்கு லீவு, கூலி பிடிக்க மாட்டேன்.”

கடைசி ஆறு சொற்களைச் சொல்லத்தான் அவர் தயங்குவார். அவை இல்லாமல் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயன் குறைவு.

நாள் கணக்கு முக்கியம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23 அனுமதிக்காது. விண்ணப்பத்தின் மேல் ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால், நடைமுறையில் அதற்குப் பத்து நாள் முன்பே படிவம் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. அந்தத் தேதிக்கு முன் வரும் திருத்தத்தால் பெயரைக் காப்பாற்றலாம். பின் வந்தால் பெயர் ஏற்கெனவே இருப்பவரின் பயத்தைப் போக்க மட்டும்தான் முடியும். பதிவேற்றிய நாளிலிருந்து திருத்தம் போன நாள் வரை எத்தனை நாள், அதற்குள் எந்தத் தேதி கடந்தது என்பதை, இப்படி ஒரு பதிவைச் சரிபார்த்து எழுதும் ஆய்வுக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

2024-இல் தருமபுரி மக்களவைத் தொகுதியில் 81.20 சதவீதம் வாக்குப்பதிவு, மாநிலத்திலேயே அதிகம். மாநிலச் சராசரி 69.72. பஸ் ஏறி வந்து போட்டவர்களும் அதில் உண்டு. ஆனால் படிவம் 6-ஐ வீட்டில் வாங்கி நிரப்பித் தருபவர்கள் பெரும்பாலும் ஊரில் இருக்கும் மனைவியோ அம்மாவோதான், அவர்களில் பலர் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே இல்லை. பொய் அவர்களுக்கு மகன் வாய்மொழியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். திருத்தத்தை அவர்களிடம் சேர்க்க நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் காலையில் வருகை எடுக்கும் நேரம் போய், கூட்டம் கலைவதற்குள் சத்தமாக இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டும். கையில் இருபது படிவம் 6-ம், ஒரு பேனாவும் இருக்கட்டும்.